கண்டிக்கு நடந்தவர்கள்

மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு காலத்தில் ஒரு பேச்சு இருந்தது. ஊரில் ஒரு ஆளைக் காணவில்லை என்றால், "கண்டிக்குப் போயிருப்பான்" என்பார்கள்.

கண்டி, இலங்கையின் நடுவே மலையில் இருக்கும் ஊர். ஆனால் நம் ஜனங்களுக்கு அந்த மலைநாடு முழுவதுமே கண்டிதான். "கண்டிச் சீமை" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

போனவர்களில் சிலர் கையில் காசோடு திரும்பி வந்தார்கள். சிலர் அங்கேயே குடும்பம் நடத்தினார்கள். இன்னும் சிலர் கண்டிக்குப் போய்ச் சேரவும் இல்லை. வீட்டுக்குத் திரும்பவும் இல்லை. பாதி வழியில், காட்டுப் பாதையில் இறந்து போனார்கள்.

அவர்களுக்குச் சமாதி கிடையாது. பெயர் எழுதிய கல்லும் கிடையாது.

அவர்கள் யார்? ஏன் போனார்கள்? அவர்களை நினைப்பதற்கு இன்று யாராவது இருக்கிறார்களா?

காப்பித் தோட்டம் அழைத்தது

1820-களில் இலங்கை மலைகளில் வெள்ளைக்காரர்கள் காப்பி பயிரிடத் தொடங்கினார்கள். 1823-ல் கம்பளைக்கு அருகே ஜார்ஜ் பேர்ட் என்பவர் தோட்டம் போட்டார். பிறகு காடுகள் வேகமாக அழிந்தன. தோட்டங்கள் பெருகின.

காப்பிப் பழம் பறிக்க ஆள் வேண்டும். மலைநாட்டுச் சிங்களக் குடியானவர்களுக்குச் சொந்த வயல் இருந்தது. அதை விட்டுவிட்டுக் கூலிக்கு வர அவர்கள் விரும்பவில்லை. ஆகவே தோட்டத் துரைகளின் பார்வை கடலுக்கு இந்தப் பக்கம் திரும்பியது.

இந்தப் பக்கம் மதுரை ஜில்லா. அன்றைய மதுரை ஜில்லா மிகப் பெரியது. இன்றைய தேனி, திண்டுக்கல் பகுதிகளும், சிவகங்கை, ராமநாதபுரம் சமீன்களும் அதில் அடங்கி இருந்தன. 1910-ல்தான் ராமநாதபுரம் தனி ஜில்லா ஆயிற்று.

பெரியாறு அணை கட்டுவதற்கு முந்திய காலம் அது. மழை பெய்தால் வைகையில் தண்ணீர் வரும், கண்மாய் நிறையும். மழை பொய்த்தால் ஆறும் கண்மாயும் காயும். நிலம் உள்ளவனுக்கே அப்போது கஷ்டம். நிலம் இல்லாத கூலிக்காரன் என்ன செய்வான்? அதிலும் தாழ்ந்த ஜாதி என்று ஒதுக்கப்பட்டவன், பரம்பரைக் கடனில் பண்ணை ஆளாகக் கிடந்தவன் எங்கே போவான்?

அவனைத் தேடிக் கங்காணி வந்தான்.

கங்காணி என்றால் ஆள் சேர்ப்பவன், மேற்பார்ப்பவன். பெரும்பாலும் அதே ஊர்க்காரன்; தெரிந்தவன்; சில சமயம் சொந்தக்காரன். கையில் முன்பணம் வைத்திருப்பான். "கண்டிக்கு வா. மண்ணைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும்" என்று ஆசை காட்டினான் என்பது மலையகத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

முன்பணத்தை வாங்கிக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டு அவன் கிளம்பினான். அந்த முன்பணம் அவன் தலையில் முதல் கடனாக ஏறியது. வழிச் சாப்பாட்டுச் செலவும் அதோடு சேர்ந்தது. வேலையில் கால் வைப்பதற்கு முன்பே அவன் கடன்காரன் ஆகிவிட்டான்!

நடந்தே போனார்கள்

மதுரையில் இருந்து மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக மண்டபம். 100 மைலுக்குக் கொஞ்சம் குறைவு. அத்தனை தூரமும் நடை.

இந்தச் சாலை காலகாலமாக ராமேசுவர யாத்திரீகர்கள் நடந்த சாலை. அவர்களுக்காகச் சேதுபதி மன்னர்கள் சத்திரங்கள் கட்டி வைத்திருந்தார்கள். புண்ணியம் தேடி வடக்கே இருந்து வந்தவர்கள் நடந்த அதே சாலையில், வயிற்றுப் பிழைப்பைத் தேடி இவர்கள் நடந்தார்கள்.

பிறகு கடல். தோணியில் ஏறி மன்னார்ப் பக்கம் இறங்கினார்கள்.

கடலைத் தாண்டியதும் கஷ்டம் தீர்ந்ததா? இல்லை. இனிமேல்தான் பெரிய கஷ்டம் இருந்தது.

மன்னார்க் கரையில் இருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை சுமார் 150 மைல். அதையும் நடந்தே கடக்க வேண்டும். அந்நாளில் வழியில் பெரும் பகுதி காடு. தண்ணீர் இல்லாத வறண்ட நிலம். யானை, கரடி, சிறுத்தை திரியும் இடம். மலேரியாக் காய்ச்சல் நிறைந்த இடம்.

பசியோடும் களைப்போடும் கூட்டமாக நடந்தவர்கள், கிடைத்த குட்டைத் தண்ணீரைக் குடித்தார்கள். காலரா பரவியது. அம்மையும் பரவியது. நடக்க முடியாதவனுக்காகக் கூட்டம் காத்திருக்க முடியாது. சாப்பாடு தீர்ந்துவிடும். ஆகவே அவனை மரத்தடியில் விட்டுவிட்டுப் போக வேண்டிய நிலை பலமுறை வந்தது.

மகனைத் தகப்பன் விட்டுப் போனான். அண்ணனைத் தம்பி விட்டுப் போனான்.

1849-ம் வருஷம் கொழும்பில் வெளிவந்த ஆங்கிலப் பத்திரிகை ஒன்று, அதற்கு முந்திய 8, 9 வருஷங்களில் இறந்த தமிழ்க் கூலிகள் சுமார் 70,000 பேர் என்று எழுதியது. வந்தவர்களில் நாலில் ஒருவர்! இந்தக் கணக்கு மிகை என்று பிற்கால ஆய்வாளர் சிலர் சொல்கிறார்கள். ஆனால் வழியெல்லாம் சாவு நடந்ததை அவர்களும் மறுக்கவில்லை.

பிற்பாடு வழியில் கொட்டகைகளும் கிணறுகளும் ஆஸ்பத்திரிகளும் வந்தன. சாவு குறைந்தது; நிற்கவில்லை.

தாது வருஷப் பஞ்சம்

இப்படிப் போக்குவரத்து நடந்து கொண்டிருந்தபோதுதான் பெரும் பஞ்சம் வந்தது. 1876-ல் மழை பொய்த்தது. தமிழ்க் கணக்கில் அது தாது வருஷம். "தாது வருஷப் பஞ்சம்" என்று கிழவர்கள் பல தலைமுறை சொல்லி வந்தது இதைத்தான். 1878 வரை அது நீடித்தது.

சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய்ப் பகுதி எல்லாம் சேர்த்து இறந்தவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்பது ஆய்வாளர்கள் கணக்கு.

மதுரைக்கு அப்போது ரயில் வந்து கொஞ்ச காலம்தான் ஆகி இருந்தது. ரயில் இருந்தால் தானியம் வருமே, பஞ்சம் தீருமே என்று தோன்றும். ஆனால் ரயில் எங்கே விலை அதிகமோ அங்கே தானியத்தைக் கொண்டு போயிற்று. வாங்கக் காசு இல்லாதவனுக்கு அது எதையும் இறக்கவில்லை. பஞ்ச காலத்திலும் இந்தியாவில் இருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பல் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

சர்க்கார் நிவாரண வேலைகள் நடத்தியது. ரோடு போடுவது, கால்வாய் வெட்டுவது முதலிய வேலைகள். செலவு அதிகம் என்று சொல்லி 1877-ல் கூலியைக் குறைத்தார்கள். ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி கொண்டுவந்த திட்டம் அது. நாள் முழுவதும் வேலை செய்த ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாக் காசும் கூலி. ஒரு பவுண்டு என்றால் அரைக்கிலோவுக்கும் குறைவு.

சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ், "இந்தச் சாப்பாட்டில் உழைக்கும் மனிதன் உயிர் வாழ முடியாது" என்ற கருத்தை விடாமல் வாதாடினார். பிறகுதான் கூலி கூடியது.

அந்தப் பஞ்ச வருஷங்களில் கண்டி வழியில் கூட்டம் பெருகியது. 1877-ல் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் இங்கிருந்து இலங்கையில் போய் இறங்கினார்கள். முன்பெல்லாம் ஆண்கள்தான் அதிகம் போனார்கள். இப்போது பெண்களும் குழந்தைகளும் சேர்ந்து நடந்தார்கள்.

உலகத்தின் மறுகோடியில்

பஞ்சத்துக்குப் பயந்து ஊரை விட்டுப் போனவர்கள், போகும் வழியில் செத்தவர்கள் வேறு தேசத்திலும் உண்டு. அவர்கள் அயர்லாந்துக்காரர்கள்.

அயர்லாந்து, இங்கிலாந்துக்குப் பக்கத்துத் தீவு. அப்போது அதுவும் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. ஏழைக் குடியானவனின் சாப்பாடு உருளைக்கிழங்கு. 1845-ல் கிழங்குச் செடியை ஒரு நோய் தாக்கியது. வருஷா வருஷம் பயிர் அழுகியது. சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பல் ஏறினார்கள். ஜனங்கள் பட்டினி கிடந்தபோது, அங்கே இருந்தும் தானியம் வெளியே போயிற்று.

அவர்களுக்கு உதவி செய்ய அப்போது கல்கத்தாவில்கூட நிதி திரட்டி அனுப்பினார்கள்!

இன்னொரு விஷயமும் கவனிக்கத் தக்கது. அயர்லாந்துப் பஞ்ச நிவாரணத்துக்கு லண்டன் கஜானாவில் பொறுப்பாக இருந்து, சிக்கனம் சிக்கனம் என்று கையைச் சுருக்கியவர் சார்லஸ் டிரவெலியன். அவரே பிறகு 1859-ல் சென்னை மாகாணக் கவர்னராக வந்தார். தாது வருஷப் பஞ்சத்தின்போது அவர் இங்கே இல்லை. ஆனால் "அதிகமாகக் கொடுத்தால் ஏழை சோம்பேறி ஆவான்" என்ற எண்ணம் இங்கேயும் அதிகாரிகளிடம் இருந்தது.

1847-ல் அயர்லாந்தில் இருந்து கனடாவுக்குப் போன கப்பல்களில் காய்ச்சல் பரவியது. கியூபெக் நகருக்கு அருகே ஆற்றின் நடுவில் குரோஸ் ஈல் என்ற தீவு இருக்கிறது. நோயாளிகளை அங்கே இறக்கி வைத்தார்கள். அந்த ஒரு வருஷத்தில் 5,000-க்கு மேற்பட்டோரை அந்தத் தீவில் புதைத்தார்கள்.

62 வருஷம் கழித்து, 1909-ல், பிழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் அந்தத் தீவில் ஒரு பெரிய கல் சிலுவையை நாட்டினார்கள். பிற்காலத்தில் கனடா அரசாங்கம் அதைத் தேசிய நினைவிடம் ஆக்கியது. இறந்தவர்களின் பெயர்கள் எழுதிய நினைவுச் சுவரும் அங்கே எழும்பியது. கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அயர்லாந்து வம்சத்தார் இன்றும் பழைய இடுகாடுகளைத் துப்புரவு செய்து, முன்னோருக்கு மாலை வைக்கிறார்கள்.

நம் ஜனங்களுக்கு அப்படி ஒரு இடுகாடு இல்லை. மன்னாரில் இறங்கியவர்கள் இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை குழந்தை என்ற எண்ணிக்கை சர்க்கார் அறிக்கைகளில் இருக்கிறது. காட்டில் விட்டுவிட்டுப் போனவனின் பெயர் எதிலும் இல்லை.

தேயிலை வந்தது; குடும்பம் தங்கியது

காப்பிக்கும் ஒரு நோய் வந்தது. 1869-ல் இலைகளில் துரு போன்ற பூஞ்சை தென்பட்டது. அடுத்த 20 வருஷத்துக்குள் இலங்கையின் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. அந்த இடத்தில் தேயிலை வந்தது.

இந்த மாற்றம் நம் ஜனங்களின் வாழ்க்கையையே மாற்றியது. காப்பிப் பழம் பறிப்பது சில மாத வேலை. வேலை முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பி விடுவார்கள். தேயிலைக் கொழுந்தோ வருஷம் முழுவதும் கிள்ள வேண்டும். அதைக் கிள்ளப் பெண்கள் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாகத் தங்கினார்கள். வரிசையாகக் கட்டிய சிறு அறைகளில் குடி இருந்தார்கள். "லயம்" என்று அதற்குப் பெயர்.

19-ம் நூற்றாண்டின் கடைசியில் அந்தக் காட்டுவழி மூடப்பட்டது. பிறகு தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்குக் கப்பலில் போனார்கள். 1914-ல் பாம்பன் பாலம் வழியாகத் தனுஷ்கோடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். நடைப் பயணம் பழங்கதை ஆயிற்று.

ஆனால் கஷ்டம் பழங்கதை ஆகவில்லை. 1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே வருஷம் வந்த குடியுரிமைச் சட்டத்தால் சுமார் 7 லட்சம் மலையகத் தமிழர் எந்த நாட்டுக் குடிமக்களும் அல்லாதவர் ஆனார்கள். காட்டை அழித்துத் தோட்டம் போட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை!

1964 அக்டோபரில் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். 3 லட்சம் பேரை இலங்கை ஏற்க வேண்டும். மிச்சம் இருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொண்டார்கள்.

பாட்டன் தோணியில் போன அதே கடலில், பேரன் கப்பலில் திரும்பி வந்தான். மண்டபம் முகாமில் இறங்கினான். அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. அங்கே இருந்தவரை அவனை "இந்தியாக்காரன்" என்றார்கள். இங்கே வந்ததும் "சிலோன்காரன்" என்றார்கள்.

திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் 1968-ல் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. இலங்கையில் தங்கியவர்களில் குடியுரிமை கிடைக்காமல் மிஞ்சி இருந்தோருக்கு 2003-ல் வந்த சட்டம் குடியுரிமை கொடுத்தது. 2012 கணக்கெடுப்பின்படி இலங்கையில் இந்திய வம்சாவளித் தமிழர் சுமார் 8 லட்சத்து 40 ஆயிரம் பேர்.

மீண்டும் அதே பாதையில்

2023-ம் வருஷம் வந்தது. 1823-ல் இருந்து கணக்கிட்டால் சரியாக 200 வருஷம்.

அந்த ஜூலை 28-ந் தேதி தலைமன்னாரில் ஒரு கூட்டம் கூடியது. மலையகத் தமிழர்களும் அவர்களுடைய நண்பர்களும். "முன்னோர் நடந்த வழியில் நாமும் நடப்போம்" என்று கிளம்பினார்கள். பெண்களும் நடந்தார்கள். மன்னார், மதவாச்சி, தம்புள்ளை என்று பழைய வழியிலேயே போனார்கள். ஆகஸ்டு 12-ந் தேதி மாத்தளைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

பாட்டன்மார் நடந்தபோது காடு. பேரப்பிள்ளைகள் நடந்தபோது தார்ச் சாலை. குடிக்கத் தண்ணீரும், இரவில் தங்க இடமும் கிடைத்தன. ஆனாலும் வெயிலில் 16 நாள் நடப்பது லேசான காரியம் அல்ல. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காய்ச்சலோடு, வெறும் வயிற்றோடு இந்தத் தூரத்தை நடந்தவர்களின் வேதனை என்ன என்பது அவர்கள் கால்களுக்குத் தெரிந்தது.

அவர்கள் வெறும் நினைவுக்காக மட்டும் நடக்கவில்லை. குடியிருக்கச் சொந்த நிலம் வேண்டும், நியாயமான கூலி வேண்டும், சமமான குடிமக்களாக மதிக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். செத்தவர்களுக்கு மரியாதை செய்வதும், இருப்பவர்களுக்கு நியாயம் கேட்பதும் அவர்களுக்கு ஒரே காரியமாக இருந்தது.

நடை முடிந்த மாத்தளை, பழைய நாளிலும் ஒரு முக்கியமான ஊர். காட்டுவழியைத் தாண்டி உயிரோடு வந்தவர்கள் மூச்சு வாங்கிய இடம் அது. அங்கே முத்துமாரியம்மன் கோவில் இருக்கிறது. ஊரில் இருந்து அவர்கள் மனதில் சுமந்து வந்த மாரி அவள். இன்று அங்கே உயர்ந்த கோபுரம் நிற்கிறது. தேரும் திருவிழாவும் நடக்கின்றன.

கம்பளைக்கு அருகே பழைய தோட்டம் ஒன்றில், லய வீட்டையே அருங்காட்சியகம் ஆக்கி இருக்கிறார்கள். முன்னோர் புழங்கிய பாத்திரம், கருவி, பத்திரங்களை அங்கே காணலாம்.

மதுரையின் பங்கு என்ன?

அங்கே இருப்பவர்கள் நடந்து காட்டினார்கள். அந்த ஜனங்களை அனுப்பி வைத்த மதுரைச் சீமை என்ன செய்யலாம்?

கல் நாட்டுவது நமக்குப் புதிது அல்ல. வைகைக் கரையில், தேனி மாவட்டம் ஆண்டிபட்டி தாலுகாவில் புலிமான்கோம்பை என்று ஒரு கிராமம். 2006-ல் அங்கே தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். 2,000 வருஷத்துக்கு முந்திய எழுத்து அவற்றில் இருந்தது. மாடு கவர்ந்த சண்டையில் இறந்த ஒருவனுக்கு ஊரார் நாட்டிய கல் அதில் ஒன்று. அவன் பெயர் அந்தவன்.

அந்தவன் ராஜா அல்ல. மாட்டுச் சண்டையில் செத்தவன். ஆனாலும் அவன் பெயர் நமக்குத் தெரிகிறது. ஏனென்றால் யாரோ சிலர் கல் தேடி எடுத்து, அவன் பெயரை வெட்டி வைத்தார்கள்.

வெறும் 150 வருஷத்துக்கு முன் பஞ்சத்தில் ஊரை விட்டுப் போனவன் பெயர் நமக்குத் தெரியவில்லை.

பஞ்சம் இன்னொன்றையும் விட்டுப் போயிற்று. பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனைக்கு, தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு வேகம் பிறந்தது. 1887-ல் வேலை தொடங்கி 1895-ல் அணை திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் இன்று கம்பம் பள்ளத்தாக்கிலும் மேலூர்ப் பக்கத்திலும் நெல்லாக விளைகிறது. அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்கு லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. ஜனங்கள் பொங்கல் வைத்து அவரைக் கும்பிடுகிறார்கள். செய்ய வேண்டியதுதான். அந்தத் தண்ணீர் வருவதற்கு முன்பே தாகத்தோடு கிளம்பிப் போனவர்களையும் அதே பொங்கல் நாளில் நினைக்கலாம்.

மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் கிராமங்களில் இன்றும் பல வீடுகளில் "எங்கள் கொள்ளுத் தாத்தாவோடு பிறந்தவர் ஒருத்தர் கண்டிக்குப் போனார், திரும்பவே இல்லை" என்று சொல்லும் பாட்டிமார் இருக்கிறார்கள். மலையகத்திலும் நீலகிரியிலும் "எங்கள் பூர்வீகம் மதுரைப் பக்கம்" என்று மட்டும் தெரிந்து, ஊர்ப் பெயர் தெரியாமல் தேடுகிற பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தப் பாட்டியின் பேச்சும் அந்தப் பேரனின் தேட்டமும் ஒன்று சேர்ந்தால், காணாமல் போன ஒரு பெயர் கிடைக்கக் கூடும்.

அதற்குப் பெரிய செலவு இல்லை. வீட்டில் படிக்கிற பிள்ளை ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாட்டியின் பக்கத்தில் உட்கார வேண்டும். போனவர் பெயர் என்ன, தகப்பனார் பெயர் என்ன, எந்த ஊரில் இருந்து போனார், யாரோடு போனார், குலதெய்வம் எது என்று கேட்டு எழுத வேண்டும். பெட்டியின் அடியில் பழைய கடுதாசியோ, கப்பல் சீட்டோ, பாஸ்போர்ட்டோ இருந்தால் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும்.

பாட்டி இருக்கும்போதே கேட்க வேண்டும்.